நீரைப் பிளக்கவும் யூரியாவை ஆக்சிஜனேற்றவும் நிக்கல் மூலக்கூறு வினையூக்கிகள்: முழுமையான வழிகாட்டி

மஞ்சள் நிறக் கரைசல், அதில் ஒரு கண்ணாடிக் கார்பன் மின்முனை. ஒரு மணி நேரம் மின்னாற்பகுப்பு ஓடியும் மின்னோட்டம் குறையவில்லை. கொஞ்சம் கூடவே செய்தது. நான் தயாரித்த நிக்கல் அணைவுச் சேர்மம் அயராமல் உழைக்கிறது என்று நம்பினேன். மறுநாள் அதே மின்முனையை மூன்று முறை தண்ணீரில் அலசி, வினையூக்கி ஒரு துளிகூட இல்லாத வெறும் தாங்கல் கரைசலில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். முந்தைய நாள் வந்த மின்னோட்டத்தில் பெரும்பகுதி அப்படியே வந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் கண்ணில் பட்டது: மின்முனையின் நுனியில் புகை படிந்தாற்போல் ஒரு மெல்லிய படலம். உழைத்தது என் மூலக்கூறு அல்ல, அது சிதைந்து படிந்த நிக்கல் ஆக்சைடு.

இந்த வழிகாட்டியை அந்தப் படலத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நிக்கலோடு வேலை செய்யும்போது மின்னோட்டம் வரவைப்பது கஷ்டமே இல்லை. அந்த மின்னோட்டத்தை யார் தருகிறார்கள், அதிலிருந்து என்ன உருவாகிறது என்று காட்டுவதுதான் உண்மையான வேலை. முதுநிலை வேதியியல் முடித்து, இந்தத் துறையில் முதல் ஆய்வைத் தொடங்குபவரை எதிரே உட்காரவைத்துப் பேசுவதுபோல எழுதியிருக்கிறேன். புகைபோக்கிப் பெட்டியும் மேற்பார்வையும் உள்ள ஆய்வகத்துக்கு மட்டுமே இது பொருந்தும்.

படி 1: கையில் கருவி எடுக்கும் முன் ஒரு கணக்கு

25 டிகிரி செல்சியஸில் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க, வெப்ப இயக்கவியல் கேட்கும் குறைந்தபட்ச மின்னழுத்தம் 1.23 வோல்ட். நடைமுறைக் கலங்கள் 1.8 முதல் 2 வோல்ட் வரை எடுத்துக்கொள்கின்றன. இந்தக் கூடுதல் செலவில் பெரும்பங்கு நேர்மின்முனையில்தான் போகிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் வெளியேற வேண்டும், இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையே பிணைப்பு ஏற்பட வேண்டும். அது மெதுவான வேலை.

சரி, அந்த மெதுவான வினைக்குப் பதிலாக எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் வேறொரு பொருளை நேர்மின்முனைக்குக் கொடுத்தால் என்ன? யூரியா அப்படி வந்ததுதான். காரக் கரைசலில் ஒரு யூரியா மூலக்கூறு ஆறு எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்து நைட்ரஜனாகவும் கார்பனேட்டாகவும் மாறலாம். எதிர்மின்முனையில் அந்த ஆறு எலக்ட்ரான்களால் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகள் கிடைக்கும். முழுக் கலத்துக்கும் தேவையான மின்னழுத்தம் காகிதக் கணக்கில் 0.37 வோல்ட் மட்டுமே. ஜெரார்டின் பாட்டே தலைமையிலான குழு 2009இல் நிக்கல் மின்முனையைக் கொண்டு யூரியாவிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் ஹைட்ரஜன் எடுத்துக் காட்டிய பிறகுதான் இந்தத் துறை சூடுபிடித்தது.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு, கலத்தின் ஒவ்வொரு வோல்ட்டும் சுமார் 26.6 கிலோவாட் மணி மின்சாரம் என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 0.2 வோல்ட் மிச்சம் பிடித்தால் 5.3 கிலோவாட் மணி மிச்சம். சின்ன எண்போலத் தெரியும் ஒன்று எவ்வளவு பெரியது என்பது இதில் புரியும்.

ஆனால் இங்கே இரண்டு உண்மைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலாவது: 0.37 வோல்ட் என்ற எண்ணை நிக்கல் மின்முனையில் யாரும் நெருங்கியதில்லை. காரக் கரைசலில் நிக்கல் ஹைட்ராக்சைடு, நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடாக மாறிய பிறகே யூரியாவைத் தாக்குகிறது. அந்த மாற்றம் மீள் ஹைட்ரஜன் மின்முனையை (அதே கரைசலில் ஹைட்ரஜன் உருவாகும் மின்னழுத்தத்தைச் சுழியாகக் கொண்ட அளவுகோல்) ஒப்பிட 1.35 வோல்ட் அளவில்தான் தொடங்குகிறது. அதாவது வினையின் தொடக்கப் புள்ளியைத் தீர்மானிப்பது யூரியா அல்ல, நிக்கலின் சொந்த ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம். மூலக்கூறு வினையூக்கியின் மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை இருப்பதற்குக் காரணமும் இதுதான். திண்ம ஆக்சைடில் அந்த எண்ணைப் பெரிதாக அசைக்க முடியாது. நிக்கலைச் சுற்றி நாம் விரும்பும் ஈந்தணைவியை, அதாவது உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறை, கட்டினால் அசைக்க முடியும்.

இரண்டாவது: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 10 கிலோ யூரியா செலவாகும். ஒரு யூரியா மூலக்கூறு செய்ய இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் வேண்டும். அவற்றைச் செய்ய மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வேண்டும். யூரியா மின்னாற்பகுப்பில் திரும்பக் கிடைப்பதும் அதே மூன்றுதான். ஆகவே உர யூரியாவை வாங்கி ஹைட்ரஜன் எடுப்பதில் பொருளே இல்லை. சிறுநீர், உரத் தொழிற்சாலைக் கழிவுநீர் போன்றவற்றில் ஏற்கெனவே வீணாகும் யூரியாவுக்குத்தான் இந்த வேலை பொருந்தும். அங்கே ஹைட்ரஜனோடு நீரும் சுத்தமாகிறது.

படி 2: எந்த மூலக்கூறு?

எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் எடுக்க வேண்டுமானால் முன்மாதிரி கண்முன்னே இருக்கிறது. டேனியல் டுபாய் குழுவினர் உருவாக்கிய நிக்கல் வினையூக்கிகளில் இரண்டு பாஸ்பீன் ஈந்தணைவிகள் நிக்கலைப் பிடித்திருக்கும். அவற்றின் வளையத்திலேயே அமீன் தொகுதிகள் நிக்கலை நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். புரோட்டானை நிக்கலின் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைப்பது அந்த அமீன்களின் வேலை. 2011இல் வெளியான ஒரு வடிவம், சிறிது நீர் சேர்த்த அசிட்டோநைட்ரைலில் வினாடிக்கு 1,00,000 முறைக்கு மேல் சுழன்றது, அதாவது ஒரு வினையூக்கி மூலக்கூறு அத்தனை முறை வினையை முடித்தது. அந்த வேகத்துக்கு அதிக மிகை மின்னழுத்தம் (குறைந்தபட்சத்துக்கு மேல் கொடுக்கும் கூடுதல் மின்னழுத்தம்) தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நேர்மின்முனைப் பக்கம் கரடுமுரடானது. இரும்புக்கும் மாங்கனீசுக்கும் எளிதாக வாய்க்கும் உலோகம்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு, நிக்கலுக்கு வாய்ப்பதில்லை. டி எலக்ட்ரான்கள் அதிகமாக இருப்பதால் அந்தப் பிணைப்பு பலவீனமாகிறது. ஆகவே நிக்கல் தனியாக எல்லா ஆக்சிஜனேற்றத்தையும் தாங்குவதில்லை. ஈந்தணைவியும் ஒரு பங்கை ஏற்கிறது. ஏற்கும் ஈந்தணைவி உடையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தேர்வின் முதல் விதி. கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள திறந்த ஈந்தணைவிகள் கடுங்காரத்தில் நீராற்பகுப்பு அடையக்கூடும். மூடிய பெருவளையங்கள், போர்ஃபிரின்கள், தாலோசயனின்கள் இவை நிக்கலை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

யூரியா பக்கம் வருபவர்கள் எல்லோரும் யூரியேஸ் நொதியைப் பற்றிப் பேசுவார்கள். ஜேம்ஸ் சம்னர் 1926இல் முதன்முதலாகப் படிகமாக்கிய நொதி அது. அதில் நிக்கல் இருப்பது 1975இல் தெரியவந்தது. சுமார் 3.5 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இரண்டு நிக்கல் அயனிகள் அருகருகே நின்று யூரியாவைப் பிடிக்கின்றன. இரட்டை நிக்கல் அணைவுகளைக் கட்டும் எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது, நல்ல எண்ணம்தான். ஆனால் யூரியேஸ் யூரியாவை ஆக்சிஜனேற்றுவதில்லை. நீர் சேர்த்து அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது, அவ்வளவே. ஓர் எலக்ட்ரான்கூட இடம் மாறுவதில்லை. யூரியாவை எப்படிப் பிடிப்பது என்பதை அந்த நொதியிடம் கற்றுக்கொள்ளலாம்; எலக்ட்ரானை எப்படி எடுப்பது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தொடங்குபவருக்கு என் பரிந்துரை நிக்கல் சைக்ளம். நான்கு நைட்ரஜன்கள் கொண்ட 14 அணு வளையம், நடுவில் நிக்கல். தயாரிப்பது எளிது, நிக்கல்-2 நிலையிலிருந்து நிக்கல்-3 நிலைக்குப் போகும், பல பத்தாண்டுகளாக அலசப்பட்டது. இதன் மெத்தில் தொகுதிகள் சேர்ந்த உறவுக்கார அணைவு ஒன்று நடுநிலை நீரில் ஆக்சிஜன் தருவதாக 2014இல் வெளியானது. நிக்கல் சைக்ளம் மிகச் சிறந்த வினையூக்கி என்று நான் சொல்லவில்லை. முறைகளைப் பழக இதைவிட நல்ல சேர்மம் எனக்குத் தெரியவில்லை.

படி 3: தயாரிப்பு

291 மில்லிகிராம் நிக்கல் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட்டை 10 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான எத்தனாலில் கரையுங்கள். பச்சைக் கரைசல் கிடைக்கும். 200 மில்லிகிராம் சைக்ளத்தை வேறு 10 மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்குங்கள். இரண்டும் ஒரு மில்லிமோல். பச்சை மறைந்துகொண்டே வருவதைப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் மிதமாகச் சூடாக்கிக் குளிரவைத்து, வீழ்படிவை வடிகட்டி, குளிர்ந்த எத்தனாலில் கழுவி உலர்த்துங்கள். வீழ்படிவு வர அடம்பிடித்தால் கரைப்பானைக் கொஞ்சம் ஆவியாக்கிவிட்டு மறுபடி குளிரவையுங்கள்.

நீரில் கரைத்தால் மஞ்சள். தளச்சதுர வடிவ நிக்கல்-2இன் நிறம் அது. 450 நானோமீட்டர் அருகே ஒரு பட்டை தெரியும். இரண்டு நீர் மூலக்கூறுகள் மேலும் கீழும் ஒட்டிய எண்முகி வடிவமும் கொஞ்சம் கலந்திருக்கும். குப்பியை வெந்நீரில் வைத்தால் மஞ்சள் அடர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: சூடு ஏற ஏற நீர் கழன்று தளச்சதுரம் கூடுகிறது. இந்த நிறமாலையைப் பத்திரமாகச் சேமித்துவையுங்கள். பின்னால் சாட்சி சொல்லப்போவது அதுதான்.

நைட்ரேட் உப்பை ஏன் எடுத்தோம்? குளோரைடு உப்பு இன்னும் அழகாகப் படிகமாகும், ஆனால் ஆக்சிஜன் வரும் மின்னழுத்தத்தில் குளோரைடும் ஆக்சிஜனேற்றமடைந்து கணக்கைக் குழப்பிவிடும். பழைய ஆய்வுக்கட்டுரைகள் பெர்குளோரேட் உப்பைப் பயன்படுத்தியிருக்கும். கரிம ஈந்தணைவி கொண்ட உலோகப் பெர்குளோரேட்டுகள் சூட்டிலோ உரசலிலோ வெடிக்கக்கூடியவை. தவிர்க்க முடியும்போது தவிர்த்துவிடுங்கள். நிக்கல் உப்புகள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை, தோலில் ஒவ்வாமையும் தரும். தூளாக எடைபோடும்போது கையுறையோடு புகைபோக்கிப் பெட்டிக்குள் வேலை செய்யுங்கள்.

படி 4: மின்பகுளி, அதில் ஒளிந்திருக்கும் இரும்பு

இந்தப் படியை அவசரமாகக் கடப்பவர்கள்தான் பின்னால் அதிகம் தவிக்கிறார்கள்.

1987இல் டென்னிஸ் காரிகன், நிக்கல் ஆக்சைடு மின்முனையில் மிகக் குறைந்த அளவு இரும்பு சேர்ந்தாலே ஆக்சிஜன் வெளியீடு எகிறுவதைக் காட்டினார். 2014இல் ஷானன் பெட்ச்சரின் குழு இன்னும் தெளிவாக்கியது: கடைகளில் கிடைக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இருக்கும் இரும்பு மாசே நிக்கல் படலத்துக்குள் புகுந்து அதை வேகமாக்கிவிடுகிறது, இரும்பை நீக்கிவிட்டால் நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு தனியாக ஒரு சுமாரான வினையூக்கிதான். நீங்கள் அளக்கும் வேகம் நிக்கலுடையதாக இல்லாமல், புட்டியின் அடியில் இருந்த இரும்புடையதாகக்கூட இருக்கலாம்.

சுத்தம் செய்யும் முறை எளிது. உயர்தூய்மை நிக்கல் நைட்ரேட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து நிக்கல் ஹைட்ராக்சைடை வீழ்படிவாக்குங்கள். மைய விலக்கியில் சுற்றி, தூய நீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். அந்தப் பச்சைக் கூழோடு உங்கள் 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துக் குறைந்தது 10 நிமிடம் குலுக்கி, சில மணி நேரம் அப்படியே விடுங்கள். இரும்பைக் கூழ் உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி சுற்றித் தெளிவை மட்டும் இறுத்தெடுங்கள். மூலக்கூறு ஆய்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு: தெளிவில் மிதக்கும் நுண்ணிய நிக்கல் ஹைட்ராக்சைடுத் துகள்களை 0.1 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரும்பைத் துரத்திவிட்டு நிக்கல் துகளை உள்ளே விட்டதாகிவிடும்.

எல்லாவற்றையும் பாலிப்ரோப்பிலீன் குப்பிகளில் செய்யுங்கள். கடுங்காரம் கண்ணாடியை அரிக்கும். அரிக்கும்போது கண்ணாடியில் உள்ள மாசுகளும் கரைசலுக்கு வரும்.

நடுநிலை ஆய்வுக்கு 0.1 மோலார் பாஸ்பேட் தாங்கல் கரைசல், பிஹெச் 7. யூரியா ஆய்வுக்கு வழக்கமான செறிவு 0.33 மோலார், மனிதச் சிறுநீரில் உள்ளதை ஒட்டிய அளவு: 100 மில்லிலிட்டருக்கு 1.98 கிராம். கரைக்கும்போது குப்பி கையில் சில்லென்று குளிரும், ஏனென்றால் யூரியா கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. அறை வெப்பநிலைக்குத் திரும்பிய பிறகே அளவுக் குடுவையில் கோடு வரை நிரப்புங்கள். காரத்தில் யூரியா மெல்ல மெல்லச் சிதைந்து அம்மோனியா விடும். அம்மோனியா நிக்கலோடு தானே பிணைந்துகொள்ளும். ஆகவே அன்றன்றைக்குத் தயாரித்த கரைசல் மட்டுமே.

படி 5: கலம்

மூன்று மின்முனைகள். வேலை செய்யும் மின்முனை கண்ணாடிக் கார்பன்; 0.05 மைக்ரோமீட்டர் அலுமினாக் கூழில், எட்டு போடுவதுபோல் தேய்த்து மெருகேற்றி, தண்ணீரில் மீயொலிக் குளியல் கொடுங்கள். நிக்கல் நுரையின் (பஞ்சுபோல் துளைகள் நிறைந்த நிக்கல் உலோகம்) மேல் மூலக்கூறைப் பூசி யூரியா ஆய்வு செய்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். நிக்கல் நுரை தானே யூரியாவை ஆக்சிஜனேற்றும். அதன் மேல் எதைப் பூசினாலும் மின்னோட்டம் வரும்.

துணை மின்முனைக்கு பிளாட்டினம் வேண்டாம், கிராஃபைட் தண்டு போதும். நேர்மின்முனையாக நிற்கும் பிளாட்டினம் சிறிதளவு கரைந்து, எதிர்மின்முனையில் போய்ப் படிந்து, ஹைட்ரஜன் வினையூக்கியாக வேலை செய்துவிடும்.

ஒப்பீட்டு மின்முனை: நடுநிலையில் வெள்ளி-வெள்ளி குளோரைடு, இரட்டைச் சந்தியோடு. காரத்தில் பாதரசம்-பாதரச ஆக்சைடு. ஆய்வு எதுவானாலும், இறுதியில் எண்களை மீள் ஹைட்ரஜன் மின்முனைக்கு மாற்றுங்கள். நிறைவுற்ற வெள்ளி-வெள்ளி குளோரைடுக்கு 0.197 வோல்ட்டும், ஒவ்வொரு பிஹெச் அலகுக்கும் 0.059 வோல்ட்டும் கூட்ட வேண்டும். பிஹெச் 7இல் மொத்தம் 0.61 வோல்ட். ஆக, 1.23 வோல்ட் என்பது அங்கே திரையில் 0.62 ஆகத் தெரியும். காரத்தில் புத்தக எண்ணை நம்பாமல், ஹைட்ரஜன் நிறைத்த அதே கரைசலில் ஒரு பிளாட்டினக் கம்பியை வைத்து உங்கள் ஒப்பீட்டு மின்முனையை நேரடியாகச் சரிபாருங்கள். பழகிவிட்டால் அரை மணி நேர வேலை.

படி 6: முதல் வளைவுகள்

எப்போதும் வெற்றுக் கரைசலில் தொடங்குங்கள். அப்புறம் 1 மில்லிமோலார் வினையூக்கி. 20 மில்லிலிட்டருக்கு சுமார் 7.7 மில்லிகிராம். நொடிக்கு 0.1 வோல்ட் வேகத்தில் சைக்ளிக் வோல்டாமெட்ரி: மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே மின்னோட்டத்தை அளப்பது. நிக்கல்-2இலிருந்து நிக்கல்-3க்குப் போகும் அலையைத் தேடுங்கள். வேகத்தை 0.02 முதல் 1 வோல்ட் வரை மாற்றி, உச்ச மின்னோட்டம் வேகத்தின் வர்க்கமூலத்தோடு ஏறுகிறதா, வேகத்தோடு நேராக ஏறுகிறதா என்று பாருங்கள். வர்க்கமூலம் என்றால் கரைசலில் மிதக்கும் மூலக்கூறு. நேர்கோடு என்றால் மின்முனையில் ஏதோ ஒட்டியிருக்கிறது.

இப்போது யூரியாவைச் சேருங்கள். நல்ல சகுனம் இப்படி இருக்கும்: நிக்கல்-3 உருவாகும் அதே இடத்தில் மின்னோட்டம் எழும்பும், திரும்பி வரும்போது முன்பு தெரிந்த ஒடுக்க உச்சம் தேய்ந்துபோகும். உருவான நிக்கல்-3ஐ யூரியா தின்றுவிட்டதால் திரும்பி ஒடுக்குவதற்கு மிச்சம் இல்லை என்று பொருள். எழுச்சி மட்டும் வந்து, ஒடுக்க உச்சம் அசையாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

கூடவே ஓட்ட வேண்டிய ஒப்பீடுகள்: யூரியா மட்டும், வினையூக்கி மட்டும், ஈந்தணைவி மட்டும், அதே செறிவில் வெறும் நிக்கல் நைட்ரேட். கடைசியாகச் சொன்னதை மறக்கவே கூடாது. நிக்கல் நைட்ரேட்டும் உங்கள் மூலக்கூறும் ஒரே வளைவைத் தந்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

படி 7: உழைப்பது யார்?

அலசிப் பார்க்கும் சோதனையை முதலில் செய்யுங்கள். மின்னாற்பகுப்பு முடிந்ததும் மின்முனையை எடுத்து, தேய்க்காமல், நீரில் மட்டும் அலசி, வினையூக்கி இல்லாத புதிய கரைசலில் ஓட்டுங்கள். மின்னோட்டம் வெற்று அளவுக்கு இறங்கினால் நல்லது. ஆனாலும் அது முழு விடுதலை அல்ல. சில படலங்கள் மின்னழுத்தம் நின்றதும் கரைந்துவிடுகின்றன, அலசும்போது உரிந்தும்போகின்றன.

அதனால் மின்னோட்டம் நேரத்தோடு எப்படிப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். மூலக்கூறு என்றால் தொடக்கத்திலேயே முழு வேகம், பிறகு மெல்லக் குறையும். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு ஏறத் தொடங்கினால் படலம் வளர்கிறது. சைக்ளிக் வோல்டாமெட்ரியை ஐம்பது சுற்றுகள் ஓட்டுங்கள். சுற்றுக்குச் சுற்று புதிய அலை ஒன்று உயர்ந்தால், குறிப்பாகக் காரத்தில் 1.35 முதல் 1.4 வோல்ட்டுக்குள் உயர்ந்தால், அது பெரும்பாலும் நிக்கல் ஹைட்ராக்சைடின் கையெழுத்து.

கட்டவிழ்ந்த நிக்கல் அயனிகளைப் பிடிக்க, உலோக அயனிகளை இறுகப் பற்றும் இடிடிஏ (EDTA) சேர்க்கலாம். மின்னோட்டம் சட்டென்று விழுந்தால் உழைத்தது மூலக்கூறிலிருந்து வெளியே வந்த நிக்கல். இடிடிஏவும் மின்முனையில் ஆக்சிஜனேற்றமடையும் என்பதால் அதற்கும் தனியாக ஒரு வெற்று ஓட்டம் வேண்டும். அப்புறம், முன்பு சேமித்த நிறமாலையோடு மின்னாற்பகுப்புக்குப் பிந்தைய கரைசலை ஒப்பிடுங்கள். 450 நானோமீட்டர் பட்டை 95 சதவீதம் அப்படியே இருக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஒரு மில்லிமோலாரில் காணாமல்போன 5 சதவீத நிக்கல் ஒரு சின்ன மின்முனையை மூடப் போதுமானதற்கும் மேலேயே இருக்கும். நிறமாலை கரைசலைப் பற்றிச் சொல்லும், மின்முனையைப் பற்றிச் சொல்லாது. மின்முனைக்கு மின்னணு நுண்ணோக்கியும் எக்ஸ் கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலையும் வேண்டும்.

எந்த ஒரு சோதனையும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. நான்கு ஐந்து சோதனைகள் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டுமே, மூலக்கூறுதான் என்று எழுதுவேன். படலம் என்று தெரியவந்தாலும் அது தோல்வி இல்லை. மூலக்கூறை முன்னோடியாக வைத்து மெல்லிய படலம் படியவைப்பதும் ஒரு நல்ல வழிதான். அதை அந்தப் பெயரில் சொல்லிவிட வேண்டும்.

படி 8: என்ன உருவானது?

10 மில்லியாம்பியரில் ஒரு மணி நேரம் என்றால் 36 கூலோம். எல்லா எலக்ட்ரானும் ஒழுங்காக வேலை செய்திருந்தால், 25 டிகிரியில் ஹைட்ரஜன் 4.6 மில்லிலிட்டர், ஆக்சிஜன் 2.3, யூரியாவிலிருந்து நைட்ரஜன் 1.5 மில்லிலிட்டர், செலவான யூரியா 3.7 மில்லிகிராம். இந்த எண்களை வாயு குரோமட்டோகிராஃப் தரும் அளவோடு ஒப்பிட்டால் ஃபாரடே திறன், அதாவது செலவான எலக்ட்ரான்களில் எவ்வளவு பங்கு அந்த விளைபொருளுக்குப் போனது என்பது.

நைட்ரஜனை அளப்பதில்தான் சிக்கல். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுவே. ஊசியில் ஒட்டிய காற்றுகூட உங்கள் விளைபொருளாக வேடம் போடும். ஆர்கானை நன்றாகச் செலுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் ஆக்சிஜன் உச்சத்தைப் பார்த்து, ஆக்சிஜன் வெளியீடு இல்லாத மின்னழுத்தங்களில் அதைக் கொண்டு காற்றுக் கசிவைக் கழியுங்கள்.

ஐசோடோப்பு வசதி இருந்தால் ஓர் அருமையான சோதனை இருக்கிறது. சாதாரண யூரியாவையும், இரண்டு நைட்ரஜனும் 15 நிறை கொண்ட யூரியாவையும் சரிபாதி கலந்து ஓட்டுங்கள். வரும் நைட்ரஜன் மூலக்கூறுகளில் 28, 30 என்ற நிறைகள் மட்டும் தெரிந்தால், ஒரே யூரியாவின் இரு நைட்ரஜன்களும் தங்களுக்குள் சேர்ந்தன. 29உம் வந்தால் வெவ்வேறு யூரியாக்களின் நைட்ரஜன்கள் கை கோத்தன. ஒரே நிறமாலையில் வினைவழியின் பாதி தெரிந்துவிடுகிறது. இரட்டை நிக்கல் அணைவு கட்டியவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது.

நைட்ரஜன் கணக்கில் குறைகிறது என்றால் திரவத்தைப் பாருங்கள். நிக்கல் ஆக்சைடு மின்முனைகளில் நைட்ரைட்டும் சயனேட்டும் கணிசமாக உருவாவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யூரியாவின் இரு நைட்ரஜனும் நைட்ரைட்டாகப் போனால் 6 அல்ல, 12 எலக்ட்ரான் செலவு. கழிவுநீரைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதில் நைட்ரைட் சேர்ப்பது நியாயமில்லை. கிரீஸ் சோதனை மலிவானது: மாதிரியின் காரத்தைச் சமன்படுத்தி வினைப்பொருளைச் சேர்த்தால் நைட்ரைட்டுக்கு இளஞ்சிவப்பு எழும், 540 நானோமீட்டரில் அளக்கலாம். சயனேட்டுக்கு அயனி குரோமட்டோகிராஃபி வேண்டும். அமிலமாக்கிய மாதிரியில் சயனேட் சிதைந்து அம்மோனியமாகிவிடும், ஆகவே அதற்கான பங்கைக் காரத்திலேயே தனியாக எடுத்து வையுங்கள்.

படி 9: வேகத்தை எண்ணாக்குதல்

வினையூக்க அலை எஸ் வடிவில் ஏறி மேலே சமமாக நின்றால் மட்டும் இந்தக் கணக்கு செல்லும். வினையூக்க மின்னோட்டத்தை, வினையூக்கியின் ஒற்றை எலக்ட்ரான் உச்ச மின்னோட்டத்தால் வகுத்து வர்க்கமாக்குங்கள். அதை வருடல் வேகத்தால் (மின்னழுத்தத்தை மாற்றும் வேகம், நொடிக்கு எத்தனை வோல்ட்) பெருக்குங்கள். பிறகு ஹைட்ரஜனுக்கு 1.94, ஆக்சிஜனுக்கு 0.485, யூரியாவிலிருந்து நைட்ரஜனுக்கு 0.215 ஆல் பெருக்குங்கள். நொடிக்கு 0.1 வோல்ட் வேகத்தில் விகிதம் 10 என்றால் ஆக்சிஜனுக்கு நொடிக்கு 4.85 சுழற்சி. அலை உச்சம் போட்டு விழுந்தால் மின்முனையருகே அடிபொருள் (வினையூக்கி மாற்றும் பொருள்) தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்த வளைவில் இந்தச் சூத்திரத்தைப் போடக் கூடாது.

படி 10: முழுக் கலம், பிறகு உண்மையான கழிவுநீர்

இரண்டு அறைகள், நடுவே அயனிப் பரிமாற்றச் சவ்வு. ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எரியக்கூடியது; வெளியேறும் குழாயைப் புகைபோக்கிக்குள் விடுங்கள்.

நீண்ட ஓட்டத்தில் ஒன்று பலரின் கண்ணில் படாமல் போகிறது. யூரியா முழுதாக கார்பனேட்டாக மாறும்போது எட்டு ஹைட்ராக்சைடு அயனிகள் செலவாகின்றன; எதிர்மின்முனை திருப்பித் தருவது ஆறு. ஒவ்வொரு யூரியாவுக்கும் இரண்டு ஹைட்ராக்சைடு நிரந்தரமாகப் போகிறது. 0.33 மோலார் யூரியாவை முழுக்கத் தீர்த்தால் 1 மோலார் காரத்தில் 0.66 மோலார் காணாமல் போயிருக்கும். மின்னோட்டம் விழுவதைப் பார்த்து வினையூக்கி செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் காரத்தின் செறிவை அளந்து பாருங்கள்.

செயற்கைச் சிறுநீர் அடுத்த கட்டம்: யூரியாவோடு குளோரைடு, பாஸ்பேட், கால்சியம், மக்னீசியம் எல்லாம் கலந்தது. காரம் சேர்த்ததும் வெண்மையாகக் கலங்கும். கால்சியம், மக்னீசியம் உப்புகள் வீழ்படிவாகின்றன. வடிகட்டிவிட்டுத் தொடருங்கள், வடிகட்டிய பின் யூரியா செறிவை மறுபடி அளந்துகொண்டு. உண்மையான சிறுநீருக்கு வரும்போது புதிதாகச் சேகரித்ததை மட்டுமே எடுக்க வேண்டும். நின்ற சிறுநீரில் நுண்ணுயிரிகளின் யூரியேஸ் சில நாட்களிலேயே யூரியாவை அம்மோனியாவாக்கிவிடும். நீங்கள் ஆக்சிஜனேற்ற நினைத்த பொருளே குப்பியில் இருக்காது. இந்தக் கரைசல்களில் நிக்கல் நைட்ரேட் ஒப்பீட்டையும் அலசும் சோதனையையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டுங்கள், ஏனென்றால் குளோரைடும் பாஸ்பேட்டும் அமினோ அமிலங்களும் உங்கள் ஈந்தணைவியின் பிடியிலிருந்து நிக்கலைக் கழற்ற முயலும். முடிந்ததும் நிக்கல் கலந்த எல்லாக் கரைசலையும், அலசிய நீரையும் சேர்த்து, தொட்டியில் ஊற்றாமல், உலோகக் கழிவுக் கலனில் பெயரும் செறிவும் எழுதி வையுங்கள்.